முப்பத்திரண்டில் கால் பங்கு

அறுபதைத் தாண்டி, மூட்டுக்குத் தைலமும் சர்க்கரைக்கு மாத்திரையுமாக உட்கார்ந்திருக்கும் சேக்காளிகளே, போன வாரம் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் சத்தம் போட்டுவிட்டு வந்த சேதி உங்களுக்கும் எட்டியிருக்கும். "வயசான காலத்துல இவளுக்கு எதுக்கு இந்த வம்பு" என்று நீங்கள் பேசிக்கொண்டதும் எனக்கு எட்டிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசுங்கள். நடந்ததைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

எதிர்வீட்டு மருமகளைத் தையல் பயிற்சியில் சேர்க்கக் கூட்டிப் போயிருந்தேன். பழைய சேலையைக் கிழித்துப் பிள்ளைக்குக் கவுன் தைத்தாளானால், எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார்கள், அப்படிப்பட்ட கை. மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி ஒரு தாளை நீட்டினான். பத்துக் கணக்கு, ஒரு பத்தி வாசிப்பு. இவள் மூன்றாவது கணக்கிலேயே நின்றுவிட்டாள்.

"கீழ அடிப்படைக் கல்வி வகுப்பு நடக்கும்மா. அதுல சேந்து தேறிட்டு வரச் சொல்லுங்க. பொறவு தையல்ல சேத்துக்கிடலாம்."

"தையல் படிக்கையிலயே அந்தக் கணக்கையும் சேத்துச் சொல்லிக் குடுத்தா என்னப்பா?"

"அது வேற, இது வேறம்மா."

அந்தத் தம்பி நல்ல பிள்ளைதான். இருமிக்கொண்டே இருந்தேன் என்று தண்ணீர்கூடக் கொடுத்தான். ஆனால் அந்த நாலு வார்த்தை இருக்கிறதே, அதை நான் ஐம்பது வருஷத்துக்கு முன்னால், அதே ஊரில், தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மச்சில் நின்று கேட்டவள். அதனால்தான் என்னை மறந்து சத்தம் போட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா பட்டாளத்தில், பனி விழும் எல்லையில் எங்கோ இருந்தார். நானும் அம்மாவும் ராஜபாளையத்தில், மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குச் சாப்பிடும் ஒரு தெருவில் இருந்தோம். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். அப்பாவின் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அதில் அம்மாவுக்கென்று ஒரு வரியாவது இருந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். பத்து வயது மகள்தான் வாசிக்கப் போகிறாள் என்று தெரிந்த மனுசன் என்னத்தை எழுதுவார்?

ஆனால் அம்மா தைப்பாள். பக்கத்து வீட்டு மெஷினில் மத்தியானம் இரண்டு மணி நேரம் தைத்துக்கொள்ள விடுவார்கள். டேப் கிடையாது. மில்லில் கழிவாகப் போகும் நூல்தான் அளவு. ஓர் ஆளுக்கு ஒரு நூல். மார்புச் சுற்றளவுக்கு ஒற்றை முடிச்சு, இடுப்புக்கு இரட்டை முடிச்சு, கைக்கு மூன்று. யாருடைய நூல் என்று தெரிய நுனியில் ஒரு கலர்த் துணுக்கு. சிவப்பு நுனி நர்ஸம்மா, பச்சை நுனி பூக்காரம்மா, மஞ்சள் நுனி கோடி வீட்டுப் புதுப்பெண். எல்லாம் ஒரு தகர டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும். திறந்தால் பஞ்சு வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் வரும்.

ரவிக்கையின் உடல் பாகத்துக்கு மார்பளவில் கால் பங்கு வேண்டும். அம்மா நூலை ஒற்றை முடிச்சு வரை பிடித்து இரண்டாக மடிப்பாள். அதை மறுபடி இரண்டாக மடிப்பாள். துணியில் வைத்து நகத்தால் ஒரு கீறல். கத்தரி போகும். அம்மா வெட்டியது பிடிக்கிறது, தொங்குகிறது என்று ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை.

எங்கள் வீட்டுக்குத் தளவாய்புரத்து அத்தை என்று ஒருத்தி வருவாள். சொந்தம் இல்லை, பழக்கம். ஆறாவது வரை படித்தவள், தளவாய்புரத்தில் ஒரு தையல் பட்டறையில் வேலை. அவள்தான் சேதி கொண்டு வந்தாள்.

"மொதலாளி கட்டிங் மேசைக்குப் பொம்பள ஆளு தேடுதாரு மதினி. பயிற்சி முடிச்ச சர்டிபிகேட் இருந்தா மேசை. இல்லேன்னா கொக்கி கட்டத்தான் உக்கார வைப்பாரு."

மேசை என்றால் நிமிர்ந்து நின்று வெட்டுகிற வேலை. கொக்கி என்றால் தரையில் குனிந்து உட்கார்ந்து, ரவிக்கைக்கு ரவிக்கை கொக்கியும் வளையமும் தைத்துத் தைத்து, கண் பூத்து, முதுகு கூனிப் போகிற வேலை. அம்மாவுக்கு அந்த மேசை வேண்டும். அவள் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்து வாய்விட்டு ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்து மாதப் பயிற்சி. தை மாதம் அம்மாவும் அத்தையும் சேர்ந்தார்கள். முழுப்பரீட்சை லீவு விட்டதும் என்னை யாரிடம் விட்டுப் போவது என்று அம்மா கையோடு கூட்டிப் போக ஆரம்பித்தாள். ஒரு சித்திரையும் ஒரு வைகாசியும். பஸ்ஸை விட்டு இறங்கினால் பால் சுண்டுகிற வாசம், நிமிர்ந்தால் கோபுரம், மச்சுப்படி ஏறினால் காக்கித் தாள் வாடையும் பதினைந்து பொம்பளைகளின் வேர்வையும்.

முதல் நாளே பார்த்தேன். தையல் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். "எழுதுங்க. உடல் பாகம் வரைதல். மார்புச் சுற்றளவில் நான்கில் ஒரு பாகம்." நாலைந்து பேர் எழுதினார்கள். மற்றவர்கள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள், எழுதுகிற மாதிரி. என் அம்மாவும் அப்படிக் குனிந்திருந்தாள். நோட்டு வெள்ளையாக இருந்தது. நான்கில் ஒரு பாகத்தைத் தினம் கையால் மடிக்கிறவள், அதைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, அதுகூடப் பரவாயில்லை. இங்கே கையில் இருப்பது வெண்ணெய் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

ஒருநாள் அம்மா வெட்டுவதற்குத் தன் நூல் டப்பாவைத் திறந்துவிட்டாள்.

"இது என்னம்மா, தாயத்துக் கயிறா? மந்திரிக்கவா வந்திருக்கே?" என்றாள் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "இங்க டேப்புதான். நூலு கீலு கொண்டாரப்பிடாது" என்று டீச்சர் டப்பாவை வாங்கி ஜன்னல் வழியாகக் கவிழ்த்தாள். கீழே சாக்கடை.

அன்றைக்குப் பஸ்ஸில் அம்மா வெறும் டப்பாவைத் திறந்து திறந்து பார்த்தாள். பிறகு, "நம்ம தெருவே போயிருச்சுட்டி" என்றாள்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் சும்மா எழுதிக்கொண்டிருந்ததை டீச்சர் பார்த்துவிட்டாள். "ஒம் மக எழுத்து முத்து முத்தா இருக்கேம்மா. மேலெடத்துல இருந்து வந்து பாத்தா நோட்டு வெறுசாக் கெடக்கக் கூடாது. அவள எழுதச் சொல்லு." அத்தையின் நோட்டைப் பார்த்துப் பழையதையெல்லாம் எழுதினேன். புதிதாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். தலைப்புக்குச் சிவப்பு மை, அடிக்கோடு ஸ்கேல் வைத்து. டீச்சர் எனக்கு இலையில் பால்கோவா வாங்கித் தந்தாள். கை இனிக்க இனிக்க எழுதினேன். மார்பு, கை, கழுத்து எதுவும் எனக்கு விளங்கவில்லை. எழுதியவளுக்கு விளங்காது, விளங்குகிறவளுக்கு எழுதத் தெரியாது. அந்த நோட்டின் அட்டையில் அம்மா பெயர்.

கீழ்த்தளத்தில் எழுத்து வாத்தியார் ஒருத்தர் இருந்தார். சின்ன வயசு. நாலு மணிக்குத் தையல் முடிந்ததும் அதே பொம்பளைகளுக்கு அவர் எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. சிறுபிள்ளைப் பலகை, அணில் படம், ஆடு படம். நாலு மணிக்கு எவளுக்குப் பஸ்ஸைப் பிடிக்காமல் அணிலைப் பார்க்க நேரம்? அத்தை சொன்னாள்: "எங்க வீட்டு அணிலுகளுக்கே நான் போயித்தான் சோறு ஆக்கணும் சார்."

ஆள் வராத வகுப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மச்சுப்படியில் வந்து உட்கார்ந்தார். பெண்கள் வெட்டி வைத்திருந்த காக்கித் தாள் மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்.

"அக்கா, இதுல முன்பக்கம் எது, பின்பக்கம் எது?"

"கழுத்து எறக்கத்த வச்சுக் கண்டுக்கிடுவோம்" என்றாள் அம்மா.

"அவசரத்துல மாறிறாதா?"

அத்தை தூக்குச் சட்டியை மூடிவிட்டுச் சொன்னாள்: "மாறாம என்ன? அந்தா இருக்காளே, போன வாரம் ரெண்டு முதுகா வெட்டிட்டா. முன்னாலயும் முதுகு உள்ளவளாப் பாத்துத்தான் அதப் போட்டுவிடணும்."

படிக்கட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு சாக்குக் கட்டியால் ஒரு தாளில் 'முன்' என்றும் இன்னொன்றில் 'பின்' என்றும் எழுதினார். "இனிமே மாறாது" என்றார். அவ்வளவுதான். வகுப்பு என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் 'கை'. அதற்கு மறுநாள், கொக்கி வைக்கிற துண்டுக்குப் 'பட்டி'. நாலாம் நாள் அம்மா தானாகவே, "முன்னுல கடைசியா நிக்கானே, அவந்தான பின்னுலயும் நிக்கான்?" என்று கேட்டாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

கணக்கும் அப்படித்தான். அவர் ஒரு நூல் கேட்டார். அம்மா முந்தானையிலிருந்து உருவிக் கொடுத்தாள். முப்பத்திரண்டு அங்குலத்துக்கு அதை அளந்து, "கால் பங்கு மடிங்கக்கா" என்றார். அம்மா மடித்தாள். பக்கத்தில் டேப்பையும் அதே மாதிரி மடிக்கச் சொன்னார். ஒரு மடிப்பு பதினாறில் விழுந்தது. இரண்டாவது மடிப்பு எட்டில் விழுந்தது. அம்மா டேப்பைப் பிரித்தாள், மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"ஏட்டி, என் நூலு சொல்லுததத்தான் இது எழுதி வச்சிருக்கு."

மூன்று வாரம். தினம் அரைமணி நேரம். டேப்பில் இருந்த எண்ணெல்லாம் அம்மா வாசித்தாள். இருபது முப்பது எழுத்துக்கும் ஆள் தெரிந்தது. பஸ் வந்தால் என்னைவிட முந்திக்கொண்டு நம்பர் சொல்ல ஆரம்பித்தாள்.

அவர் தையல் டீச்சரிடம் போய்க் கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன். "நீங்க வெட்டச் சொல்லிக் குடுக்கையிலயே நானும் பக்கத்துல நின்னு எழுத்தும் கணக்கும் சொல்லிருதேன் டீச்சர். ரெண்டும் ஒண்ணா நடக்கட்டுமே."

"ஒங்க ரிஜிஸ்தர் வேற, எங்க ரிஜிஸ்தர் வேற. அது வேற, இது வேற சார். இவளுகளுக்குத் தொழில்தான் சோறு போடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது."

"பரீட்சைய ஏட்டுலதான டீச்சர் வைக்கீங்க?"

டீச்சர் ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் மேல் முழுப் பழியையும் போடமாட்டேன். அவளும் புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்து வேலைக்கு வந்தவள். ஒரு வரி மாற்றிச் சொன்னால் மேலிடத்தில் என்ன சொல்வார்களோ என்று பயந்தவள். ஆனால் அந்தப் பழமொழி மேல் எனக்குத் தீராத கோபம். பழமொழிக்கு உயிரை விடுகிறவள் நான், இருந்தும் சொல்கிறேன்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்றால், கறி வைக்கத் தெரிந்தவளை ஏட்டைக் காட்டி எதற்கடா வெளியே தள்ளினீர்கள்?

அடுத்த வாரம் மேலதிகாரி பார்வைக்கு வந்தார். டீச்சர் நேராக அம்மாவின் நோட்டை எடுத்து நீட்டினாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்பு மையால் சரி சரி என்று குறிகள் போட்டார். கடைசியில் கையெழுத்து.

"பிரமாதம்மா. இப்படி எழுதுத பொம்பளைகளுக்கு அ, ஆ வகுப்பு எதுக்கு?"

அம்மா வாயைத் திறந்தாள். டீச்சர் ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. நான் சொல்லியிருக்கலாம், அது என் எழுத்து என்று. சொல்லவில்லை. 'பிரமாதம்' என்ற வார்த்தையை விழுங்கிக்கொண்டு, பூரிப்பில் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். சேக்காளிகளே, பத்து வயதுதான். இருந்தாலும் நின்றது நான்தானே.

கீழ்த்தளத்து வகுப்பை மூடிவிட்டார்கள். எழுத்து வாத்தியாரைக் கான்சாபுரத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பலகைகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "ஒன் எழுத்து நெசமாவே நல்லா இருக்கும்மா" என்றார். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டு மறந்திருப்பேன்.

வைகாசி கடைசியில் பரீட்சை. காலையில் எழுத்து, மத்தியானம் வெட்டு. வெட்டும்போது அம்மாவின் மேசையைச் சுற்றி மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்களாம். பரீட்சைக்கு வந்தவர் அவள் வெட்டிய துணியைத் தூக்கி, மடிப்புக்கு மடிப்பு வைத்துப் பார்த்தாராம். எழுத்துப் பரீட்சை பற்றி நான் கேட்டேன்.

"ஒரு கேள்வியில முப்பத்திரெண்டுன்னு கெடந்துச்சு. பக்கத்துல 'கால்'னும் இருந்துச்சு. அத மட்டும் வாசிச்சிட்டேன். எட்டுன்னு போட்டேன்" என்றாள் அம்மா. சொல்லும்போது முகம் அம்புட்டுப் பிரகாசமாக இருந்தது.

பத்து நாள் கழித்து முடிவு சொன்னார்கள். அத்தை தேறிவிட்டாள். அம்மா தேறவில்லை.

"வெட்டுல ஒன்னைய மாதிரி ஆளே இல்ல" என்றாள் டீச்சர். அவளுக்கும் சங்கடம்தான். "ஆனா எழுத்துல தேறாம சர்டிபிகேட் கெடையாது. தாள் பூரா வெறுசு. ஒரே ஒரு எட்டப் போட்டு வச்சிருக்கே. வாக்கியமா எழுதாம வெறும் எட்டுக்கு எப்படிம்மா மார்க் குடுப்பாங்க?"

அம்மா சரியென்று தலையாட்டினாள். திரும்பும்போதுதான் பார்த்தோம். வாசல் பக்கம் புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் விரித்து வைத்திருந்தது எங்கள் நோட்டு. இனி வருகிறவர்கள் எப்படி எழுத வேண்டும் என்று பார்த்துக்கொள்வதற்காம். தேறாதவளின் நோட்டு, மாதிரி நோட்டு. எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா, நினைவில்லை.

அம்மா கண்ணாடியில் விரலை வைத்தாள். என் எழுத்தின் மேல் விரல் மெதுவாக ஊர்ந்தது. "மு... முப்பத்திரெண்டு. கா... ல். கால்." விரல் நின்றது. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி. இது ஒம்பதுல்லா?"

குனிந்து பார்த்தேன். முப்பத்திரண்டில் கால் பங்கு, 9. டீச்சர் எட்டு என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எழுதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த ஒன்பதுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சரி என்று குறி.

"பாகத்துக்கு ஒரு இஞ்சு கூடுதல். நாலு பாகத்துக்கு நாலு இஞ்சு. இப்படி வெட்டுனா ரவுக்க தொளதொளன்னு நிக்குமே" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, டீச்சர் பக்கம் திரும்பி, "டீச்சர், செத்த நேரம் இதத் தொறங்க. தப்பா கெடக்கு. நான் திருத்திருதேன்" என்றாள்.

"அது அதிகாரி கையெழுத்துப் போட்ட நோட்டும்மா. இனி தொடப்பிடாது."

நீங்களே சொல்லுங்கள். ஒன்பது என்று தப்பாக எழுதிய நோட்டுக்குச் சிவப்பு மையும் கண்ணாடி அலமாரியும். எட்டு என்று சரியாகப் போட்ட தாளுக்குச் சுழி. அந்தத் தப்பை எழுதியவளும் கண்டுபிடிக்கவில்லை, சொன்னவளும் கண்டுபிடிக்கவில்லை, கையெழுத்துப் போட்டவரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவள் படிக்காதவள் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். இன்னும் மூன்று வாரம், அதே படிக்கட்டில், அதே அரைமணி நேரம் விட்டிருந்தால் அந்த எட்டைச் சுற்றி அவள் ஒரு வாக்கியம் எழுதியிருக்க மாட்டாளா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான்.

அந்த ஆனியிலேயே அம்மா தளவாய்புரம் பட்டறையில் தரையில் உட்கார்ந்து கொக்கி கட்ட ஆரம்பித்தாள். அத்தைக்கு மேசை கிடைத்தது. அத்தை கெட்டவள் இல்லை. சிக்கலான வெட்டு வந்தால், முதலாளி டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து, "மதினி, செத்த எந்திரிச்சு வாங்க" என்பாள். அம்மா எழுந்து போய்ச் சாக்குக் கட்டியால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடி வந்து தரையில் உட்காருவாள். அப்படிப் பதினெட்டு வருஷம். கடைசியில் ஊசிக் காது தெரியாமல் போனபோது நின்றாள். முதுகு நிமிரவே இல்லை.

ஆனால் நான் சொல்லி முடிக்க நினைப்பது அந்த முதுகை அல்ல. முடிவு சொன்ன அன்றைக்குப் பஸ்ஸில், கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வந்த கூட்டத்தில் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மா அழவில்லை. யாரையும் திட்டவில்லை. ராஜபாளையத்து மில் புகைக்கூண்டு தெரியும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, எனக்குச் சொன்னாளோ தனக்குச் சொல்லிக்கொண்டாளோ:

"சரியாத்தானட்டி போட்டேன். எட்டுக்கு ஒரு மார்க்காவது குடுத்திருக்கலாம்."

போன வாரம் நான் அந்தத் தம்பியிடம் மேசையைத் தட்டிக் கேட்டது அந்த ஒரு மார்க்கைத்தான்.